வாழைப்பழக் கணக்கு: கவுண்டமணி – செந்தில் ஜோடி எப்படி வேலை செய்கிறது?

இலங்கை மலையகத்தில், ஹட்டனில் இருந்து மஸ்கெலியா போகிற தனியார் பஸ்ஸில் ஏறினால் டிரைவர் தலைக்கு மேலே ஒரு சின்னத் திரை இருக்கும். பாட்டு ஓடும், நடுவில் காமெடி ஓடும். நோர்வூட் வருவதற்குள் கவுண்டமணி ஒரு தடவையாவது செந்திலை எட்டி உதைத்திருப்பார். பஸ்ஸே சிரிக்கும். அந்தப் படங்கள் வந்து பல வருடம் கழித்துப் பிறந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட வசனத்தை நடிகர்களுக்கு முன்னால் சொல்லிவிட்டுச் சிரிப்பார்கள்.

இத்தனை பேருக்கு மனப்பாடமான விஷயம், ஆனால் அதைப் பற்றிய பேச்சு மட்டும் இரண்டு வரியில் முடிந்துவிடுகிறது. "கவுண்டமணி காமெடி பண்ணுவார், செந்தில் அடி வாங்குவார்" என்பது ஒரு வரி. "அதெல்லாம் அவங்க ரெண்டு பேரோட கெமிஸ்ட்ரி" என்பது இன்னொரு வரி. முதல் வரி பாதிக்கு மேல் தப்பு. இரண்டாவதைத் தப்பு என்று சொல்ல முடியாது, ஆனால் அதைச் சொன்ன பிறகு யாரும் மேற்கொண்டு யோசிப்பதில்லை. தேயிலைத் தோட்டப்புறத்துப் பொடியன்கள் இப்போது போனிலேயே குட்டிக் குட்டி காமெடி வீடியோ எடுக்கிறார்கள். ஒருவன் கத்துகிறான், ஒருவன் உதை வாங்குகிறான், சிரிப்பு மட்டும் வரமாட்டேன் என்கிறது. ஏன் என்று கேட்டால் அதற்கும் பதில் கெமிஸ்ட்ரிதான்.

அந்தச் சொல்லுக்கு உள்ளே என்னதான் நடக்கிறது என்று பிரித்துப் பார்ப்பதுதான் இங்கே வேலை. சினிமாத் தொழில் தெரியாதவர்களுக்காக எழுதுவது. படம் பார்த்தவர்களுக்குப் போதும்.

முதலில் ஆட்களைப் பற்றி, சுருக்கமாக

கவுண்டமணி 1939இல் உடுமலைப்பேட்டைப் பக்கம் பிறந்தவர். இயற்பெயர் சுப்பிரமணியம். நாடக மேடையில் பழகிவிட்டு சினிமாவுக்கு வந்தார். 1977இல் வந்த '16 வயதினிலே' படத்தில் ரஜினிகாந்தின் பரட்டைக்குப் பக்கத்தில் நின்று ஊதிக்கொடுக்கும் கையாள் வேடம்தான் அவரை எல்லோருக்கும் தெரியவைத்தது. செந்தில் 1951இல் ராமநாதபுரம் மாவட்டத்தில், முதுகுளத்தூர்ப் பக்கம் பிறந்தவர். சிறு வயதிலேயே வீட்டை விட்டுப் புறப்பட்டு, மேடை வழியாக சினிமாவுக்கு வந்தவர்.

80களின் தொடக்கத்தில் சேர்ந்தார்கள். 90களின் கடைசி வரை, நூறு படங்களுக்கு மேல் ஜோடியாக வந்தார்கள். ஹீரோ மாறுவார், ஊர் மாறும், டைரக்டர் மாறுவார். இவர்கள் இருவரும் அப்படியே இருப்பார்கள்.

தூக்கிக் கொடுப்பவர், அடிப்பவர்

வாலிபால் இலங்கையின் தேசிய விளையாட்டு. தோட்டத்தில் கொஞ்சம் சமதரையாக இடம் கிடைத்தால் போதும், வலை கட்டிவிடுவார்கள். பின்னேரம் ஆட்டம் நடக்கும்போது பாருங்கள்: பந்தை எதிர்ப்பக்கம் ஓங்கி அடிப்பவருக்குத்தான் விசில். அவருக்குச் சரியான உயரத்தில், சரியான நேரத்தில் பந்தைத் தூக்கிக் கொடுத்தவரை யாரும் கவனிப்பதில்லை. ஆனால் தூக்கிக் கொடுப்பவர் ஒரு சாண் தப்பினால், அடிப்பவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் பந்து வலையில்தான்.

காமெடி ஜோடிக்கும் இந்த இரண்டு வேலை உண்டு. தூக்கிக் கொடுக்கும் வசனத்தை சினிமாக்காரர்கள் 'லீட்' என்பார்கள். சிரிப்பை வரவைக்கும் வசனம் 'பஞ்ச்'. லீட் கேட்கும்போது சிரிப்பு வராது, வரவும் கூடாது. அது ஒரு கேள்வியாக இருக்கலாம், ஓர் ஏவலாக இருக்கலாம். நம் மனத்தை ஒரு பக்கமாக நடத்திக்கொண்டு போவதுதான் அதன் வேலை. அந்தப் பக்கம் நாம் முழுசாகப் போனபிறகு பஞ்ச் வேறு பக்கமாக இழுக்கும்.

சரி, இந்த ஜோடியில் யார் லீட், யார் பஞ்ச்? பத்துப் பேரைக் கேட்டால் எட்டுப் பேர், செந்தில் தூக்கிக் கொடுக்கிறார், கவுண்டமணி அடிக்கிறார் என்பார்கள். குரல் பெரிதாக இருப்பவர்தானே நம் கண்ணில் படுகிறார்? எல்லோருக்கும் தெரிந்த காட்சியையே எடுத்துப் பார்த்துவிடுவோம்.

அந்த வாழைப்பழம்

1989இல் கங்கை அமரன் இயக்கத்தில் வந்த 'கரகாட்டக்காரன்'. ஒரு கரகாட்டக் குழுவில் இருக்கும் இரண்டு பேர். ஒரு ரூபாய் கொடுத்து இரண்டு வாழைப்பழம் வாங்கிவரச் சொல்கிறார் கவுண்டமணி. செந்தில் இரண்டு வாங்கி, ஒன்றைத் தின்றுவிட்டு, ஒன்றைக் கொண்டுவந்து நீட்டுகிறார். விசாரணை தொடங்குகிறது.

கவுண்டமணி நேரே "பழம் எங்கடா" என்று பாய்வதில்லை. அங்கேதான் கைத்தொழில் இருக்கிறது. எத்தனை பழம் வாங்கச் சொன்னேன் என்று கேட்கிறார். இரண்டு என்று பதில் வருகிறது. ஒன்று இங்கே இருக்கிறது, சரியா? சரி. ஒவ்வொரு கேள்விக்கும் செந்திலை ஒத்துக்கொள்ளவைத்து ஒவ்வொரு கதவாக அடைக்கிறார். பார்க்கிற நமக்கு, ஆள் மாட்டிக்கொண்டான், இனிப் பொய் சொல்ல வழியே இல்லை என்று தோன்றுகிறது. கடைசியாக, இன்னொன்று எங்கே என்ற கேள்வி.

"அந்த இன்னொண்ணுதாண்ணே இது."

இந்தப் பதிலைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். செந்தில் பொய் சொல்லவில்லை. ஏய்க்கவும் இல்லை. இரண்டு பழத்தில் ஒன்றைத் தின்றாயிற்று, ஆகவே மிச்சம் இருப்பது இன்னொன்று. அவர் நிற்கும் இடத்தில் இருந்து பார்த்தால் கணக்கு அப்பழுக்கில்லாமல் சரி. கவுண்டமணியோ கையில் இருப்பதை முதலாவதாக வைத்து எண்ணுகிறார். இரண்டு பேரும் எண்ணத் தொடங்கிய இடம் வேறு. அதனால்தான் மறுபடி கேட்டாலும் அதே பதில், இன்னும் சத்தமாகக் கேட்டாலும் அதே பதில். பதில் சரியாக இருப்பதால் அதை உடைக்க முடியவில்லை.

அப்படியானால் இந்தக் காட்சியில் பந்தைத் தூக்கிக் கொடுப்பவர் கவுண்டமணி. அடிப்பவர் செந்தில். சத்தம் முழுக்க ஒரு பக்கம், பஞ்ச் மறுபக்கம்.

உதை எங்கே வருகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். கேள்வி எல்லாம் கேட்டு, வாதம் எல்லாம் தோற்று, சொல்வதற்கு ஒன்றும் மிச்சமில்லாத இடத்தில் வருகிறது. பதில் இல்லாதவர்தான் கையை ஓங்குகிறார். உதையோடு காட்சி முடிகிறது, ஆனால் சிரிப்பு அதற்கு முன்பே வந்துவிட்டது. பொடியன்கள் எடுக்கும் வீடியோவில் உதை முதலிலேயே வந்துவிடுகிறது. வாதமே நடக்காமல் விழும் உதைக்கு யார் சிரிப்பார்கள்?

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: ஒருவர் லீட் கொடுத்து நம்மை ஒரு பக்கம் அழைத்துப்போகிறார், மற்றவர் பஞ்ச் கொடுத்து வேறு பக்கம் திருப்புகிறார். இந்த ஜோடியில் பல நேரம் கத்துபவர் லீட், அடி வாங்குபவர் பஞ்ச்.

ஒரு படி உயரம்

வசனம் மட்டும் போதும் என்றால் யார் வேண்டுமானாலும் பேசியிருக்கலாம். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு படி இருக்க வேண்டும். ஒருவர் மேல் படியில், ஒருவர் கீழ்ப் படியில். இதைப் படிநிலை என்று வைத்துக்கொள்வோம்.

இதைப் புரிந்துகொள்ள மலையகத்து ஆட்களுக்குப் பாடம் தேவையில்லை. பங்களாவில் துரை, அவருக்குக் கீழே கணக்கப்பிள்ளை, அவருக்குக் கீழே கங்காணி, அதற்குக் கீழே கொழுந்து பறிக்கிறவர்கள். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில் அதிகமாகச் சத்தம் போடுவது யார்? துரை போடமாட்டார், அவருக்குத் தேவையில்லை. நம்மைவிட ஒரே ஒரு படி மேலே நிற்கிறவர்தான் போடுவார், ஏனென்றால் அந்தப் படி எப்போது காலடியில் இருந்து நழுவும் என்று அவருக்கே தெரியாது.

கவுண்டமணியின் வேடங்களை வரிசையாக நினைத்துப் பாருங்கள். பெரிய பணக்காரராக அபூர்வமாகத்தான் வருவார். சைக்கிள் கடைக்காரர், மேளக்காரர், ஊரில் ஏதோ ஒரு சின்னத் தொழில் வைத்திருப்பவர். கையில் ஒரு ரூபாய் இருக்கிறது, ஏவுவதற்கு ஓர் ஆள் இருக்கிறான், அவ்வளவுதான் அவருடைய ராஜ்ஜியம். அந்த ராஜ்ஜியத்தில் அவர் காட்டும் தோரணைதான் பெரிது. செந்தில் கோடு போட்ட அரை டிரவுசரும் பனியனுமாக வந்து நின்று, எதிர்த்து ஒரு வார்த்தை பேசாமல் அந்த ராஜ்ஜியத்தைக் கவிழ்த்துவிடுவார்.

கவிழ்க்கும்போதும் மரியாதை குறையாது. கவுண்டமணி "டேய்" என்றுதான் கூப்பிடுவார், செந்தில் "அண்ணே" என்றுதான் பதில் சொல்வார். வாழைப்பழ வசனத்தில் அந்த அண்ணேயை எடுத்துவிட்டுச் சொல்லிப் பாருங்கள், வசனம் முறைப்பாக மாறிவிடும். திமிராகப் பதில் சொன்னால் மேல்படிக்காரருக்குத் திட்டக் காரணம் கிடைத்துவிடும். பணிவாக, உண்மையாக, முகத்தில் துளி சிரிப்பில்லாமல் சொன்னால் அவர் என்ன செய்வார்?

1994இல் வந்த 'நாட்டாமை'யில் இந்த உறவைத் தலைகீழாக்கினார்கள். செந்தில் அப்பா, கவுண்டமணி மகன். முறைப்படி செந்தில்தான் மேல் படி. ஆனால் திட்டுவது மகன்தான், "டேய் தகப்பா" என்று. தகப்பன் என்ற பெயர் மட்டும்தான் மேலே, ஆட்கள் பழைய இடத்தில்தான். உறவைப் புரட்டிப் போட்டும் ஜோடி ஓடியது என்றால், படி அந்த வேடத்தில் இல்லை, இருவரும் நிற்கிற தோரணையில் இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

உலகத்தில் மற்ற இடங்களிலும் இதே ஏற்பாடுதான். 1927இல் இருந்து ஜோடியாகக் கலக்கிய லாரல்–ஹார்டியிலும் குண்டு ஹார்டிதான் தன்னைப் புத்திசாலி என்று நினைத்துக்கொண்டு ஏவுவார், ஒல்லி லாரல்தான் வேலையைக் கெடுப்பார்.

மேன்டில் விஷயம்

வாழைப்பழக் காட்சியில் பதில் திடீரென்று வருகிறது. முதல் தடவை பார்த்தவருக்கு அது தெரியாது. ஆனால் நேர் எதிரான ஒரு வகையும் உண்டு: என்ன நடக்கப்போகிறது என்று நமக்கு முன்கூட்டியே தெரியும், செந்திலுக்கு மட்டும் தெரியாது.

1984இல் ஆர். சுந்தர்ராஜன் இயக்கிய 'வைதேகி காத்திருந்தாள்' படத்தில் கவுண்டமணி, ஆல் இன் ஆல் அழகுராஜா. சைக்கிள் கடை வைத்திருப்பவர். கடையில் வாடகைக்குப் பெட்ரோமாக்ஸ் லைட் இருக்கிறது. அதில் எரிகிற மேன்டிலைப் பற்றி செந்தில் சந்தேகம் கேட்கிறார். இது எப்படி வெளிச்சம் கொடுக்கும் என்று.

இன்றைய பிள்ளைகளுக்கு இந்தக் காட்சி ஏன் அவ்வளவு சிரிப்பு என்று பாதிதான் புரியும், ஏனென்றால் மேன்டிலை அவர்கள் தொட்டதில்லை. அது ஒரு சின்ன வலைத்துணிப் பை. ரசாயனத்தில் ஊறவைத்தது. லைட்டில் கட்டி முதல் தடவை எரித்ததும் துணி எரிந்துபோய், அந்தப் பையின் வடிவத்தில் வெறும் சாம்பல் வலை மட்டும் தொங்கும். அதுதான் பளீரென்று வெளிச்சம் தரும். விரல் பட்டால் உதிர்ந்துவிடும். தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துப் பக்கம் மின்சாரம் வராத காலத்தில் காமன் கூத்துக்கும் கல்யாணத்துக்கும் பெட்ரோமாக்ஸ்தான். லைட்டைத் தூக்கி வருகிறவர் படிக்கட்டில் ஒவ்வொரு அடியாகப் பார்த்து வைப்பார், பக்கத்தில் ஓடுகிற பிள்ளைகளுக்கு ஏச்சு விழும். மேன்டில் உடைந்தால் அந்த ராத்திரிக்குக் கூத்து நின்றுபோகும்.

இதெல்லாம் தெரிந்த ஒருவர் அந்தக் காட்சியைப் பார்க்கும்போது, செந்தில் கையை நீட்டுகிற அந்த நொடியிலேயே வயிற்றுக்குள் சிரிப்பு கிளம்பிவிடும். "பெட்ரோமாக்ஸ் லைட்டேதான் வேணுமா" என்ற கேள்வி வெறும் வசனமாக இன்று வரை ஓடுகிறது. ஆனால் அந்தக் கேள்விக்குப் பின்னால் உதிர்ந்துபோன ஒரு மேன்டில் இருக்கிறது, ஒரு கடைக்காரரின் ஒரு நாள் வரும்படி இருக்கிறது.

இங்கே இன்னொரு தொழில் சொல்லைச் சொல்லிவிடலாம்: 'டைமிங்'. ஒரு வசனத்துக்கும் அடுத்த வசனத்துக்கும் நடுவில் எவ்வளவு இடம் விடுவது என்ற கணக்கு. கவுண்டமணி வேகமாகப் பேசுவார், ஒரு மூச்சில் நாலு வசவு வரும். செந்தில் நிதானமாக, ஒரு கணம் யோசித்துவிட்டுப் பேசுவார். அந்த ஒரு கணத்தில்தான் நமக்கு, ஐயோ இவன் ஏதோ சொல்லப்போகிறான் என்று தோன்றும். இரண்டு பேரும் ஒரே வேகத்தில் பேசியிருந்தால் அந்த இடம் கிடைத்திருக்காது.

படத்துக்குள் ஒரு தனிப் படம்

நடிகர்களை விட்டுவிட்டு இப்போது ஏற்பாட்டுக்கு வருவோம். இந்த ஜோடி இவ்வளவு காலம் ஓடியதற்குத் திறமை மட்டும் காரணமில்லை. அன்றைய தமிழ் சினிமாவில் 'காமெடி டிராக்' என்று ஓர் ஏற்பாடு இருந்தது. படத்தின் கதை ஒரு தண்டவாளத்தில் போகும், காமெடிக்காரர்களின் கதை பக்கத்தில் தனியாகப் போகும். அதற்குத் தனி எழுத்தாளர் இருப்பார். ஹீரோ பல காட்சிகளில் இருக்கவே மாட்டார்.

இதன் நன்மை தயாரிப்பாளருக்கு உடனே தெரியும். ஒரு நடிகர் இத்தனை நாள் வந்து நடிப்பேன் என்று ஒதுக்கிக் கொடுக்கும் நாட்களை 'கால்ஷீட்' என்பார்கள். கவுண்டமணி, செந்தில் இருவரும் ஒரே சமயத்தில் பல படங்களில் நடித்துக்கொண்டிருந்தவர்கள். அவர்கள் காட்சிகள் கதையோடு பின்னிக் கிடந்தால் ஹீரோவுக்கும் இவர்களுக்கும் நாள் ஒத்துவர வேண்டும். தனி டிராக் என்றால் அந்தக் கவலை இல்லை. சில நாட்களில் மொத்தமாக எடுத்து, படத்தில் எங்கே கனம் கூடுகிறதோ அங்கே செருகிக்கொள்ளலாம்.

இதை யாரும் விளக்காமலே நம் ஆட்கள் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். தீபாவளிக்கோ திருவிழாவுக்கோ லயத்தில் காசு சேர்த்து டி.வி.யும், வீடியோ கசெட் ஓட்டும் டெக்கும் வாடகைக்கு எடுப்பார்கள். ஜெனரேட்டர் பிடித்து, விடிய விடிய இரண்டு மூன்று படம். அறையான காம்பராவுக்குள் இடம் போதாமல் டி.வி.யை முன்திண்ணையான இஸ்தோப்பில் வைத்து, வாசலில் சாக்கு விரித்து உட்கார்ந்து பார்ப்பார்கள். மூன்றாவது படம் ஓடும்போது பாதிப் பேர் தூங்கியிருப்பார்கள். அப்போது யாராவது, "ஓட்டுப்பா, காமெடிய போடு" என்பார். டெக்கின் பட்டனை அழுத்தி ஓடவிட்டு, கவுண்டமணி வரும் இடத்தில் நிறுத்துவார்கள். கதை ஒன்றும் புரியாமல் போகவில்லை. காமெடியை மட்டும் கோத்துப் பார்த்தாலே அது ஒரு முழுப் படம். பிறகு காமெடியை மட்டும் தொகுத்து கசெட் வந்தது, சி.டி. வந்தது, 2009இல் ஆதித்யா டி.வி. என்று முழுநாளும் காமெடி போடும் சேனலே வந்தது. தனி டிராக்காக எடுத்ததால்தான் இத்தனை எளிதாக வெட்டி எடுக்க முடிந்தது. பஸ் திரையில் இன்றும் ஓடுவதற்கு அதுதான் காரணம்.

இந்த ஏற்பாட்டுக்கு வயசும் அதிகம். மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்து ஸ்பெஷல் நாடகத்தில் வள்ளி திருமணம் தொடங்கும் முன்பே பபூனும் டான்ஸ்காரியும் வந்து நெடுநேரம் வாதம் பண்ணுவார்கள். முருகனுக்கும் வள்ளிக்கும் அதில் வேலையே இல்லை. சிவன் மன்மதனை எரித்த காமன் கதையை வைத்து எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று கேள்வியும் பதிலுமாக லாவணி பாடும் மரபும் உண்டு. மேடையில் இரண்டு பேர் மடக்குவதும் மடங்குவதும் தமிழனுக்குப் பழகிப்போன சுகம். சினிமாவில் என்.எஸ். கிருஷ்ணனும் டி.ஏ. மதுரமும் அதைத் தொடங்கிவைத்தார்கள். தங்கள் பகுதியைத் தங்கள் குழுவோடு அவர்களே அமைத்துக்கொண்டார்கள். 1959இல் வந்த 'கல்யாணப் பரிசு' படத்தில் தங்கவேலு எழுத்தாளர் பைரவன் என்று புளுகுவார், எம். சரோஜா குறுக்கே குறுக்கே கேள்வி கேட்பார். கேட்பவர் லீட், புளுகுபவர் பஞ்ச். வாழைப்பழத்துக்கு முப்பது வருடம் முந்திய அதே ஏற்பாடு. கண்டிப் பக்கத்தில் பிறந்த எம்.ஜி.ஆரின் படங்களில் நாகேஷுக்கு என்று இடம் இருந்ததையும் சொல்லிவிடுகிறேன். எம்.ஜி.ஆர். பெயர் வராமல் மலைநாட்டில் ஒரு சினிமாக் கட்டுரை முடிந்தால் பெரியவர்கள் கோபித்துக்கொள்வார்கள்.

சுருக்கம்: காமெடி டிராக் என்பது கதைக்குப் பக்கத்தில் தனியாக எழுதி, தனியாக எடுத்து, பிறகு செருகப்படும் பகுதி. ஜோடி நிலைத்ததற்குத் திறமையோடு இந்த ஏற்பாடும் காரணம்.

அந்த இடத்திலேயே தோன்றியதா?

இது அடுத்த குழப்பம். எல்லாம் கவுண்டமணி வாயில் அப்போதைக்கு வந்தது என்று நினைப்பவர்கள் அநேகம். அவர் சேர்த்துச் சொல்வார், அதில் சந்தேகமில்லை. ஆனால் அடிப்படை எழுதப்பட்டது. ஏ. வீரப்பன் என்ற எழுத்தாளரின் பெயரை எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறோம்? தானும் நடிகராக இருந்த அவர்தான் இந்த ஜோடிக்கு நிறைய டிராக் எழுதிக் கொடுத்தவர். வாழைப்பழக் காட்சியில் ஒவ்வொரு கதவாக அடைத்துக்கொண்டு வருகிற அந்த ஒழுங்கைப் பார்த்தாலே தெரியும், அது எழுத்தாளர் கணக்குப் போட்டு வைத்தது. எழுதியவரை மறந்துவிட்டு நடித்தவரை மட்டும் நினைப்பது சினிமாவின் வழக்கம், நம் வழக்கமும்தான்.

திட்டு எங்கே போய் விழுகிறது

இந்த ஜோடியை எனக்குப் பிடிக்கும். ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. செந்திலின் தலையையும், நிறத்தையும், உடம்பையும் வைத்து வந்த வசவுகளுக்கு லீட்டும் தேவைப்படவில்லை, பஞ்சும் தேவைப்படவில்லை. அவை வெறும் வசவு. வாழைப்பழக் காட்சியின் கெட்டிக்காரத்தனம் அவற்றில் கிடையாது.

பள்ளிக்கூட விழாவில் இந்தக் காட்சிகளை நடிக்கும்போது செந்தில் வேடம் யாருக்குப் போகும்? எப்போதும் வகுப்பில் கறுத்த, குட்டையான பையனுக்குத்தான். செந்திலாவது திரையில் பதில் சொல்லி ஜெயித்துவிட்டு உதை வாங்கினார். அந்தப் பையனுக்கு விழா முடிந்த மறுநாளும் அதே பெயர்தான். தோட்டக்காட்டான் என்று டவுனில் ஏச்சு வாங்கிய சனம் நாம். எந்தச் சிரிப்பு ஓர் ஆளின் பேச்சில் இருந்து வருகிறது, எது அவன் தோலில் இருந்து வருகிறது என்று பிரித்துப் பார்க்க நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தனித்தனியே வந்தபோது

ஒருவர் இல்லாமல் ஒருவர் இல்லை என்பதும் சரியில்லை. 'நடிகன்' (1990) படத்தில் கவுண்டமணிக்கு சத்யராஜ்தான் எதிராள். 'மன்னன்' (1992) படத்தில் ரஜினியோடு சேர்ந்தார். அங்கே படி மாறிவிடுகிறது. பக்கத்தில் நிற்பவர் ஹீரோ, அவரை உதைக்க முடியாது. அதனால் கவுண்டமணியின் வேலை நக்கலும் முணுமுணுப்புமாக மாறியது. செந்தில் 'முத்து' (1995), 'படையப்பா' (1999) படங்களில் கவுண்டமணி இல்லாமல் வந்தார். சிரிப்பு வந்தது, ஆனால் அந்தப் பணிவான பதிலைப் பிடித்து ஆட்டுவதற்கு அத்தனை கோபக்காரர் பக்கத்தில் இல்லை.

அப்புறம் பார்த்திபனும் வடிவேலுவும் வந்தார்கள். 'வெற்றிக்கொடி கட்டு' (2000) மாதிரிப் படங்களில் யார் எந்த வேலை செய்கிறார் என்று கவனித்தால் சுவாரசியமாக இருக்கும். எதைக் கேட்டாலும் கோணலாகக் கணக்குப் போட்டுப் பதில் சொல்கிறவர் பார்த்திபன். அவரோ படத்தின் ஹீரோக்களில் ஒருவர். மாட்டிக்கொண்டு தவிப்பவர் வடிவேலு, நாம் சிரிப்பது அவர் தவிப்பைப் பார்த்து. செந்திலின் கணக்கு மேல் படிக்குப் போய்விட்டது.

இப்போது அப்படி ஜோடி ஏன் வருவதில்லை என்று கேட்பார்கள். தனி டிராக்கே குறைந்துவிட்டது. காமெடி நடிகர் ஹீரோவின் நண்பராகக் கதைக்குள் வந்துவிட்டார், சிலர் ஹீரோவாகவே ஆகிவிட்டார்கள். இரண்டு பேரை மட்டும் தனியாக உட்காரவைத்து, ஒரு வாழைப்பழத்தைக் கையில் கொடுத்து, கதையை நிறுத்திவிட்டுப் பேசவிட இன்றைய படத்தில் இடமில்லை.

சோதித்துப் பார்க்க ஒரு காட்சி

அடுத்த தடவை பார்க்கும்போது கவுண்டமணியை விட்டுவிட்டு செந்தில் முகத்தை மட்டும் பாருங்கள். சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பார்த்தால் இன்னும் நல்லது. லீட் வரும்போது அவர் என்ன செய்கிறார் என்று தெரியும்: ஒன்றும் செய்வதில்லை. கேட்கிறார், அவ்வளவுதான். நடிப்பில் கஷ்டமான வேலை அதுதான்.

அதோடு, நான் மேலே சொன்னது எல்லா இடத்துக்கும் பொருந்தாது என்பதற்கும் ஒரு காட்சி அதே 'கரகாட்டக்காரன்' படத்திலேயே இருக்கிறது. பழைய கார். அது முன்பு சொப்பன சுந்தரி வைத்திருந்த கார் என்று கவுண்டமணி பெருமை பேசுகிறார். அந்த சொப்பன சுந்தரியை இப்போது யார் வைத்திருக்கிறார்கள் என்று செந்தில் கேட்கிறார். கேள்வியே பஞ்ச், வாழைப்பழம் மாதிரி. ஆனால் சிரிப்பு அங்கே நிற்பதில்லை. உலகத்தில் எத்தனையோ பேர் இருக்க, இந்தக் கேள்வியை ஏன் என்னைப் பார்த்துக் கேட்டாய் என்று கவுண்டமணி புலம்பத் தொடங்குகிறாரே, அந்தப் புலம்பல் கேள்வியைவிடப் பெரிய சிரிப்பு. செந்தில் அடித்த பந்தையே தூக்கிக் கொடுத்த பந்தாக எடுத்துக்கொண்டு அவர் மறுபடி அடிக்கிறார். இங்கே யார் லீட், யார் பஞ்ச் என்று எங்கள் ஊர் தேத்தண்ணிக் கடையில் கேட்டால் இரண்டு கட்சி உண்டு. நான் செந்தில் கட்சி.